பேழைக்கு வெளியே இருந்தவர்கள்

வேதாகமத்தில் வருகிற நோவாவின் வெள்ளக் கதையை நான் இரண்டு விதமாகச் சொல்லிக் கெடுத்திருக்கிறேன்.

முதல் தடவை, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதை சொல்ல வரும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம். இடி இடித்தேன், மின்னல் வெட்டினேன், பேழைக்கு வெளியே நிற்கிற ஜனங்கள் கதவைத் தட்டுகிற சத்தத்தை மேசையில் தட்டிக் காட்டினேன். (அப்படித் தட்டினதாக ஆதியாகமத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அது நான் சேர்த்த மசாலா.) பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்டார்கள். நல்ல பாடம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு அம்மா போன் செய்தார். அவர் மகள் படுக்க மாட்டேன் என்று கட்டிலின் மேல் நின்றுகொண்டு, "நம்மகிட்ட பேழை இல்லையே" என்று விடிய விடிய அழுதிருக்கிறாள்.

அந்தப் பயத்தில் அடுத்த வருடத்திலிருந்து கதையை மிருகக்காட்சிசாலை ஆக்கிவிட்டேன். யானை ஏறுது, ஒட்டகச்சிவிங்கி ஏறுது, குரங்கு வாலை ஆட்டுது, கடைசியில் வானவில், எல்லோரும் கைதட்டுங்க. நாலைந்து வருடம் இப்படியே ஓடியது. யாரும் அழவில்லை, யாரும் போன் செய்யவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வேதாகமத்தைத் திறந்தபடி வந்து நின்றான். சின்ன வகுப்பில் என்னிடம் படித்தவன்தான். வீட்டில் தானாகவே ஆதியாகமம் ஏழாம் அதிகாரத்தை வாசித்திருக்கிறான். "டீச்சர், மீதிப் பேரெல்லாம் செத்துப்போயிட்டாங்க. நீங்க சொல்லவே இல்லை." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நம்பி ஏமாந்த ஆளின் குரல் அது.

வயதுக்கு ஏற்றபடி சொல்வது என்றால் இனிப்பாக்கிச் சொல்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பையனுக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பின்னால் வாபஸ் வாங்க வேண்டிய எதையும் சின்னப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. ஒன்றைச் சொல்லாமல் விடலாம், அடுத்த வருடத்துக்கு ஒத்திப்போடலாம். வளைக்க மட்டும் கூடாது.

இப்போது அதே கதையை ஐந்து வயதுக்காரர்களிடம் இப்படிச் சொல்கிறேன். ஜனங்கள் ஒருவரையொருவர் அடித்தார்கள், கொடுமை செய்தார்கள். அதைப் பார்த்துத் தேவனுக்கு மனசு வலித்தது. பெரிய வெள்ளம் வந்தது. நிறையப் பேர் செத்துப்போனார்கள். நோவா வீட்டார் எட்டுப் பேரும் மிருகங்களும் பேழைக்குள் பத்திரமாக இருந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு, பூமியை அழிக்க இனி வெள்ளம் வராது என்று தேவன் வாக்குக் கொடுத்தார். "நிறையப் பேர் செத்துப்போனார்கள்" என்பதைச் சாதாரணக் குரலில், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறேன், நடிப்பு இல்லாமல். வாக்குக் கொடுத்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்வேன், ஏனென்றால் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். கட்டிலில் நின்ற அந்தச் சிறுமிக்கும் பிறகு இந்த இடத்தைத்தான் உட்கார்ந்து சொன்னேன். "மழை பெய்யும், நிக்கும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

மூன்று வயதுக்கு இந்தக் கதையே வேண்டாம் என்பது என் கட்சி. வேதாகமத்தில் 66 புத்தகங்கள் இருக்கின்றன, கத்தோலிக்கப் பதிப்பில் 73. வெள்ளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. காணாமல்போன ஆடு போதும். 100 ஆட்டில் ஒன்று காணோம், மேய்ப்பன் தேடினான், கண்டுபிடித்தான், சந்தோஷப்பட்டான். ஒரு துணிப்பொம்மையை அறைக்குள் ஒளித்து வைத்தால் பாடம் தானாக நடக்கும். இதை ஒரு மாதம் முழுக்க, நாலு வாரமும் ஒரே கதையாகச் சொல்லியிருக்கிறேன். சலிப்பு நமக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. மூன்றாம் வாரம் நான் அவசரத்தில் "ஆட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தார்" என்றேன். உடனே ஒரு வாண்டு எழுந்து, "இல்ல, தோள்மேல போட்டுக்கிட்டார்" என்று திருத்தியது. லூக்கா 15-இல் தோள்மேல் என்றுதான் இருக்கிறது.

கதையின் நீளமும் இந்த வயதில் முக்கியம். ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. அதற்கு மேல் போனால் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பவுல் நெடுநேரம் பிரசங்கம் செய்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. பவுலுக்கே அந்தக் கதி.

சின்னப் பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த அளவுக்கு 'அப்படியே' என்பது பாடம் எடுத்தால்தான் தெரியும். "உங்களை மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன்" என்று இயேசு பேதுருவிடம் சொன்ன கதையை முடித்ததும் படம் வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை வலை வரைந்து, வலை நிறைய ஆட்களைப் போட்டிருந்தது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். "இவங்களுக்கு மூச்சு முட்டாதா டீச்சர்?" என்று நிஜக் கவலையோடு கேட்டது. இன்னொரு பிள்ளை, இயேசு இருதயத்துக்குள் வருவார் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தது.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ழான் பியாஜே, கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற விஷயங்களை வைத்தே ஏழிலிருந்து பதினோரு வயது வரைக்கும் பிள்ளைகள் தர்க்கம் பண்ணுகிறார்கள் என்றார். உருவமில்லாத கருத்துகளைப் பிடித்து யோசிப்பது அதற்குப் பிறகுதான் வலுக்கிறது என்பது அவர் கணிப்பு. பிற்பாடு வந்தவர்கள் வயதுக் கணக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளியிருக்கிறார்கள். வகுப்பில் நான் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். ஆகவே ஐந்து வயதிடம் 'விசுவாசம்' என்று சொல்லி விளக்கம் கொடுப்பதில்லை. புயலில் படகு ஆடிற்று, சீஷர்கள் பயந்தார்கள், இயேசுவை எழுப்பினார்கள், கடல் அமைதியாயிற்று. விசுவாசம் என்கிற வார்த்தை பத்து வயதில் வந்து அந்தப் படகில் தானே ஏறிக்கொள்ளும்.

இந்த 'அப்படியே எடுத்துக்கொள்ளுதல்' சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எப்போதும் இருப்பதில்லை. ஒரு பிள்ளையின் தாத்தா இறந்தபோது பெரியவர்கள், தாத்தா தூங்குகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் அந்தப் பிள்ளை அப்பாவைத் தூங்க விடவில்லை, ராத்திரி முழுக்க உலுக்கி உலுக்கி எழுப்பியது. வேறொரு வீட்டில், "இயேசப்பா பாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார்" என்றார்கள். அந்த வீட்டுப் பையன் கொஞ்ச நாளைக்கு ஜெபம் பண்ணக் கண்ணை மூட மறுத்தான். கண்ணை மூடினால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் இல்லையா?

யோவான் 11-ஐ அப்புறம் கவனமாக வாசித்தேன். லாசரு நித்திரையடைந்திருக்கிறான், எழுப்பப் போகிறேன் என்கிறார் இயேசு. தூங்கினால் சுகமாகிவிடுவானே என்கிறார்கள் சீஷர்கள். வளர்ந்த ஆண்கள், மூன்று வருடம் கூடவே நடந்தவர்கள், அவர்களே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உடனே இயேசு வெளிப்படையாக, லாசரு மரித்துப்போனான் என்று சொல்கிறார். இப்போது எந்தப் பிள்ளை வீட்டில் சாவு நடந்தாலும் நான் அந்த வரிசையில்தான் போகிறேன். தாத்தா செத்துப்போனார். செத்துப்போனால் மூச்சு விட மாட்டார்கள், வலிக்காது, திரும்பி வர மாட்டார்கள். நமக்கு அழுகை வருகிறது, இயேசுவும் லாசருவுக்காக அழுதார். உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் நம்புவதை அதற்குப் பிறகு சொல்கிறேன். முதலிலேயே அதைச் சொல்லி அழுகையை அடைப்பதில்லை.

சிலுவையைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இதில் அடி வாங்கியது என் மகள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு கூட்டத்தில் பிள்ளைகளிடம் பேசிய பெரியவர் ஒருவர், "நீ செஞ்ச பாவம்தான் அந்த ஆணி" என்று சொல்லியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உருக்கமாகத்தான் சொல்லியிருப்பார். என் மகள் இரண்டு நாள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது, "அம்மா, நான் தம்பியோட பென்சில எடுத்தேன்ல, அதனாலதான் இயேசுவைக் கொன்னாங்களா?" என்றாள். தண்ணீர்க் குவளை என் கையில் அப்படியே நின்றது.

மீட்பைப் பற்றிய போதனை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதை ஒரு பென்சிலோடு கோத்துப் பார்க்கிற வயதில் ஆணியைக் கையில் கொடுத்ததுதான் தவறு. இந்த வயதுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இயேசு எல்லாரையும் நேசித்தார். சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவரைக் கொன்றுபோட்டார்கள். அவருடைய சிநேகிதர்கள் அழுதார்கள். மூன்றாம் நாள் அவர் உயிரோடு வந்தார். வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக் கதையை அடுத்த வாரத்துக்கு வைப்பதில்லை, ஒரே மூச்சில் இரண்டும். ரத்தம் வழிகிற படங்களைக் காட்டுவதில்லை. 'நமக்காக' என்ற வார்த்தை ஏழு, எட்டு வயதில் வரும், 'ஏன்' என்கிற கேள்வியைப் பிள்ளையே கேட்கும்போது. நரகத்தைச் சொல்லி அடக்குவது எந்த வயதுக்கும் ஆகாது என்பது என் சொந்தக் கருத்து. இதில் என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு, போடட்டும்.

இன்னொரு தொல்லை மொழி. சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். எனக்கு அந்த நடை மேல் தனிப் பிரியம், அதன் ஓசையிலேயே வளர்ந்தவள் நான். ஆனால் மாற்கு 2-இல் நாலு பேர் திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் விளங்காதவனை, சுமந்து வந்த இடத்தை வாசித்தபோது ஆறு வயதுப் பையன் கையைத் தூக்கினான். "திமிரு பிடிச்சவனை எதுக்கு டீச்சர் தூக்கிட்டு வந்தாங்க? நடந்து வரட்டுமே." மொத்த வகுப்பும் அவன் பக்கம். கூரையைப் பிரித்து இறக்கிய அந்த நாலு சிநேகிதர்களின் அருமை அன்றைக்கு எடுபடவே இல்லை. திமிர் பிடித்தவனுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்றே பேச்சு போயிற்று.

மனப்பாட வசனத்திலும் இதே கூத்துதான். 23-ஆம் சங்கீதத்தை ஒரு சிறுமி பிசிறில்லாமல் ஒப்பித்தாள். 'தாழ்ச்சியடையேன்' என்றால் என்னம்மா என்றேன். "கீழ விழ மாட்டேன்" என்றாள். மேய்ப்பன் பிடித்துக்கொண்டிருந்தால் விழ மாட்டோம்தானே, அவளளவில் அது சரிதான். இருந்தாலும், எனக்கு ஒன்றும் குறைவுபடாது என்பதுதான் அந்த வரி என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லாமல்தான் பரிசு கொடுத்திருந்தேன், அதற்கு முந்தின மாதம்.

இப்போது கதையை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேதாகமத்தைத் திறந்து ஒரே ஒரு வசனத்தை மட்டும் உள்ளபடி வாசிக்கிறேன், நான் சொன்ன கதை இந்தப் புத்தகத்திலிருந்துதான் வந்தது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று. மனப்பாடத்துக்குச் சின்ன வயதில் மூன்று வார்த்தை போதும்: "தேவன் அன்பாகவே இருக்கிறார்." நீளமான வசனத்தை எட்டு வயதுக்கு மேல் கொடுக்கிறேன். அதையும் முதலில் சொந்த வார்த்தையில் சொல்லிக் காட்டினால்தான் ஒப்பிக்க அனுமதி. போட்டியில் ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய அம்மாக்களுக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

ஏழிலிருந்து பத்து வரை எனக்குப் பிடித்த வயது. இவர்களுக்கு உருக்கம் வேண்டாம், அளவு வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு தூரம், எவ்வளவு கனம், நிஜமாகவா? நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, பெரியவர்கள் கையில் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். வெளியே கூட்டிக்கொண்டு போய் கயிறு பிடித்து அளக்கச் சொன்னேன். 135 மீட்டர் அளக்கிறதுக்குள் மைதானம் தீர்ந்துவிட்டது, மீதியைத் திரும்பி நடந்து எண்ணினோம். ஒருவன் மூச்சு வாங்கியபடி, "நோவா சும்மா ஆள் இல்ல" என்றான். ஐந்து பாடத்தில் நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தக் கயிறு சொல்லிவிட்டது.

கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனுக்கு வாசிப்பு வராது, எழுத்துகள் குழம்பும். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு வசனம் என்று வட்டமாக வாசிக்கச் சொல்வேன். அவன் முறை வந்தபோது திக்கித் திணறினான், இரண்டு பேர் சிரித்தார்கள், அடுத்த ஒரு மாதம் அவன் வரவில்லை. வயிற்றுவலி என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். வயதுக்கு ஏற்றபடி என்று நாம் பேசுகிறோம், ஒரே வயதில் நாலு விதப் பிள்ளைகள் இருப்பதை மறந்துவிடுகிறோம். வட்ட வாசிப்பை அன்றோடு நிறுத்தினேன். வாசிக்க விருப்பம் உள்ளவர்கள் வாசிக்கலாம், மற்றவர்கள் கேட்கலாம், அளக்கலாம், நடிக்கலாம். எரிகோ மதிலைச் சுற்றும் நாளில் அவன்தான் எக்காளம். ஆறு நாளைக்குத் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, மொத்தம் 13 என்று எல்லோருக்கும் முன்னால் கணக்குச் சொன்னதும் அவன்தான்.

இந்த வயதுக்கு இன்னொரு நல்ல வேலை, துப்பறிதல். ஏவாள் சாப்பிட்டது ஆப்பிளா? வேதாகமத்தில் தேடு. பழத்தின் பெயர் இல்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேரா? காணிக்கை மூன்று வகை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. யோனாவை விழுங்கியது திமிங்கிலமா? யோனாவின் புத்தகம் 'பெரிய மீன்' என்கிறது. அப்பத்தையும் மீனையும் கொண்டுவந்தது ஒரு பையன் என்பது நாலு சுவிசேஷத்தில் எதில் இருக்கிறது? யோவானில் மட்டும். பெரியவர்கள் காலங்காலமாகத் தப்பாகச் சொன்னதைக் கண்டுபிடிக்கிற குஷி அவர்களுக்கு. படத்தில் பார்த்ததும் புத்தகத்தில் இருப்பதும் வேறு வேறாக இருக்கலாம் என்பதும் சத்தமில்லாமல் உள்ளே போகிறது.

கைவேலை, ஒட்டுகிற படம், வண்ணம் தீட்டுகிற தாள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே கேட்கும் என்பதற்காக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போகிற வழியில் பாதி தொலைந்துவிடும்.

ஞாயிறு பள்ளி என்பது இப்படி வருகைப் பதிவும் பரீட்சையுமாக ஏன் இருக்கிறது என்று யோசித்ததுண்டு. ராபர்ட் ரெய்க்ஸ் இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1780-இல் தொடங்கிய ஞாயிறு பள்ளிதான் இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியது. வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இடம் அது, வேதாகமமே பாடப் புத்தகம். ஆகவே பள்ளிக்கூடத்தின் சாயல் அதில் இயல்பாக வந்தது. பிள்ளைகள் வேறு இடத்தில் எழுதப் படிக்கக் கற்ற பிறகும் அந்தச் சாயல் மட்டும் ஒட்டிக்கொண்டது. உபாகமம் 6 சொல்லும் ஏற்பாடு வேறு: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசு. யாத்திராகமம் 12-இல், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைப் பற்றி, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லுங்கள் என்று இருக்கிறது. கேள்வி முதலில் பிள்ளையிடமிருந்து வருகிறது. நாம் தலைகீழாகச் செய்கிறோம், கேள்வித்தாளை நாம் தயாரித்துவிட்டுப் பதிலைப் பிள்ளையிடம் கேட்கிறோம்.

வீட்டில் என் மகளுக்கும் மகனுக்கும் தனியாகக் குடும்பப் பாடம் என்று வைத்துப் பார்த்தேன், மூன்று வாரம் தாண்டவில்லை. படுக்கப் போகும்போது விளக்கை அணைத்த பிறகு ஒரு கதை, கேள்வி கிடையாது என்று மாற்றினேன். இருட்டில்தான் அவர்களுடைய கேள்விகள் வந்தன. பென்சில் விஷயத்தின் மீதியும் அப்படி ஒரு ராத்திரிதான் தீர்ந்தது.

பதினொன்று, பன்னிரண்டு ஆனதும் கதை சொல்பவளாக நான் வேலை இழந்தேன். அவர்கள் வாசித்துவிடுகிறார்கள். எரிகோவை நாம் மைதானத்தில் சுற்றிச் சுற்றி வந்து மதில் விழுந்ததற்குக் கைதட்டினோமே, உள்ளே இருந்த ஜனங்கள்? யோபின் பத்துப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்? தாவீது உரியாவைக் கொல்ல வைத்தாரே, அவரை எப்படி நல்ல ராஜா என்கிறோம்? என் விதிப்படி முன்பு ஒத்திப்போட்டதெல்லாம் வட்டியோடு திரும்பி வருகிற காலம் இது. ஒரு அட்டைப் பெட்டி வைத்தேன். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம். முதல் வாரம் வந்த சீட்டில், "ராகாப் என்ன வேலை செய்தார், நிஜத்தைச் சொல்லவும்" என்று இருந்தது. யோசுவா 2-ஆம் அதிகாரம் அவளை வேசி என்கிறது. பொதுவாக, ஒற்றரை மறைத்துவைத்த நல்ல பெண் என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவோம். சின்ன வகுப்பில் அது போதும், அது பொய்யும் இல்லை. பன்னிரண்டு வயதிடம் நிஜத்தைச் சொன்னேன், மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சப் பட்டியலில் அவள் பெயர் இருப்பதையும் காட்டினேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்" என்று எபேசியர் 6:1-ஐ வீட்டில் பிரம்பு மாதிரி பயன்படுத்துகிறவர்கள் இந்த வயதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூன்று வசனம் கீழே போனால், பிதாக்களே, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதேயுங்கள் என்று இருக்கிறது. ஒரு பையன் அதை அடிக்கோடிட்டு அப்பாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தான். அப்பா என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

எனக்குப் பதில் தெரியாத கேள்விகளும் பெட்டியில் விழும். ஆரம்பத்தில் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன், அவர்கள் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். இப்போது, "எனக்கும் இது புரியல, சேர்ந்து படிப்போம்" என்கிறேன். கௌரவம் ஒன்றும் குறையவில்லை. இவர்களோடு செய்த நல்ல காரியம் ஒன்று, மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் ஒரே உட்காரலில் மாறி மாறிச் சத்தமாக வாசித்தது. வாசிக்க விரும்பியவர்கள்தான் வாசித்தார்கள். ஒன்றரை மணி நேரம்போல ஆயிற்று. வசனம் வசனமாகப் பிய்த்துக் கேட்டே பழகியவர்கள், இது இவ்வளவு வேகமாக ஓடுகிற கதையா என்று அசந்துபோனார்கள்.

நோவா விஷயத்தில் என்னைப் பிடித்தானே, அந்தப் பையனுக்கு இப்போது பதினைந்து. தாவீது கவண்கல்லால் வீழ்த்திய கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும். அவனுடைய பத்தாவது வயதில், ஏறக்குறைய 2.9 மீட்டர் என்று கணக்குப் போட்டு நாற்காலி மேல் ஏறிச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டோம். போன வருடம் அவன் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னான்: பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சவக்கடல் சுருளில் கிடைத்த சாமுவேல் பிரதியிலும் நாலு முழமும் ஒரு ஜாணும் என்றுதான் இருக்கிறதாம். அப்படியானால் இரண்டு மீட்டர்தான். "டீச்சர், அந்தக் கோட்டை அழிக்கலாமா?" வாபஸ் வாங்குகிற எதையும் சொல்லக் கூடாது என்ற என் விதியை அவனிடம் ஒருதடவை சொல்லியிருந்தேன், அதை வைத்துத்தான் இந்தக் குத்து. சரி, பக்கத்திலேயே இன்னொரு கோடு போடலாம் என்றேன். இப்போது இரண்டு கோடு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இரண்டிலும் முதுகை ஒட்டி நின்று பார்க்கிறார்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளில் சிலரைச் சின்ன வகுப்புக்கு உதவிக்கு அனுப்புகிறேன். இந்தப் பையன் போன மாதம் எட்டு வயதுக்காரர்களுக்கு யோனா எடுத்தான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மீனோடு நிறுத்தாமல் நாலாம் அதிகாரம் வரைக்கும் போனான். நினிவேயைத் தேவன் மன்னித்துவிட்டார் என்று யோனாவுக்குக் கோபம். தேவன் கேட்கிறார்: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்களே, ஏராளமான மிருகஜீவன்களும் இருக்கிறதே, நான் பரிதபிக்க வேண்டாமா? அதோடு புத்தகத்தை மூடிவிட்டான்.

"அப்புறம்?" என்றது ஒரு பிள்ளை.

"அவ்வளவுதான்."

நம்பாமல் எழுந்து வந்து, வேதாகமத்தைப் பிடுங்கிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தது. மீகா ஆரம்பித்திருந்தது. "யோனா என்ன பதில் சொன்னார்னு போடவே இல்ல!"

அடுத்த வாரத்துக்குள் ஆளுக்கு ஒரு பதில் எழுதி வாருங்கள் என்று அனுப்பிவைத்தான். யோனா மன்னிப்புக் கேட்டார் என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். கோபமாகவே வீட்டுக்குப் போனார் என்று இரண்டு பேர். ஒரே ஒரு தாளில் மட்டும், கோணல் எழுத்தில், "ஒன்னும் சொல்லல. போய் ஒரு மாட்டைத் தடவிக் கொடுத்தார்" என்று இருந்தது.